நடுவில் ஒரு வலஞ்சுழி

மழை நாளில் நான் மக்ரூன் போடுவதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் முட்டை வெள்ளை நுரைத்து எழும்பினாலும் நிற்காது. நின்றாலும் அடுப்புக்குள் போனதும் படுத்துக்கொள்ளும். எனவே மழை நாளில் எனக்கு வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் பேசவும் ஆள் கிடையாது. மற்ற நாளில் மட்டும் என்ன வாழ்கிறது? கடைக்கு வருகிறவர்கள் "ஒரு பெட்டி" என்பார்கள், நான் "இந்தாங்க" என்பேன். பேச்சு முடிந்தது.

தெருவில் என்னை மக்ரூன் அக்கா என்பார்கள். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. யாராவது ஒருவர் அக்கா என்று கூப்பிடட்டுமே என்று பிறகு விட்டுவிட்டேன்.

முன்னால் கடை, பின்னால் பட்டறை, மாடியில் ஓர் அறை. பட்டறை நடுவில் ஒரு நீள மேஜை. அப்பா இரண்டு பக்கமும் ஆள் நின்று வேலை செய்யட்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. நான் ஒரு பக்கம் நிற்கிறேன். எதிர்ப்பக்கத்தில் காலிப் பெட்டிகளை என் தலை உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறேன். அவ்வளவு பெட்டி தேவையே இல்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பெட்டியைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு நாற்பது முட்டை உடைப்பேன். வெள்ளை எனக்கு. மஞ்சள் கரு எதிர்க் கடையில் கேக் போடும் கேக்காரருக்கு. காலை ஏழு மணிக்கு ஒரு தூக்கோடு வருவார், வாங்கிக்கொள்வார், பதிலுக்குத் தெருச் செய்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார். "நீங்க கடையை மூடினா நான் கோழி வளர்க்க வேண்டியதுதான்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அதே வேடிக்கையைப் பத்து வருடமாகச் சொல்கிறார். நானும் பத்து வருடமாக முறைக்கிறேன். உண்மையைச் சொன்னால், ஏழு மணி ஆனால் என் காது வாசலுக்குப் போய்விடும்.

அப்படிப்பட்டவர் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று நாலு நாள் காணாமல் போனார். நாலு நாளும் மஞ்சள் கரு மிஞ்சியது. கொட்ட மனம் வரவில்லை. காலையும் மாலையும் முடிந்த மட்டும் அதையே பொரித்துத் தின்றேன், மிச்சத்தைத் தெருவில் கொடுத்தேன். ஐந்தாம் நாள் நல்ல மழை. தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு கேக்காரர் வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி.

"உங்களுக்கு ஒரு போட்டியாள் கெடைச்சிருக்கான்" என்றார். அவர் மகள் இருக்கும் ஊரில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையாம். ரயிலில் ஐந்து மணி நேரம் இருக்கும். மக்ரூன் தவிர வேறு எதுவும் விற்பதில்லையாம். என்னைச் சீண்டுவதற்காகவே வாங்கி வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்லா இருக்கா என்று கேட்டேன். நான் அதைச் சொல்ல மாட்டேன், எனக்கு நாளைக்கு மஞ்சள் கரு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியைத் திறந்தேன். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. இருபத்தைந்து மக்ரூன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மக்ரூன் போடுகிறவளுக்கு அது கையெழுத்து மாதிரி. தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி, நுரையும் சர்க்கரையும் முந்திரிப் பருப்புத் தூளும் சேர்ந்த கலவையை உள்ளே அடைத்து, தட்டில் வட்டமாகப் பிழிய ஆரம்பித்து, இரண்டரைச் சுற்று சுற்றி, மேலே ஒரு கூர் விட்டுக் கையை எடுக்க வேண்டும். வலது கைக்காரர் பிழிந்தால் சுழி கடிகார முள் போகும் பக்கம் போகும். அது வலஞ்சுழி. இடது கைக்காரர் கையில் அது எதிர்ப்பக்கம் சுற்றும். இடஞ்சுழி. மக்ரூனை எப்படித் திருப்பி வைத்தாலும் சுழி மாறாது. தின்கிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பெட்டியில் இருந்தவை இடஞ்சுழி. நடு வரிசையில் நட்டநடுவில் ஒன்று மட்டும் வலஞ்சுழி.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? என் கை தன்பாட்டுக்குப் போய் அந்த நடுவில் இருந்ததை எடுத்து உடைசல் தகரத்தில் போட்டது. பெட்டியில் ஒன்று மாறியிருந்தால் எடுத்துப் போடுவது கையோடு ஊறிப்போன பழக்கம். உடைந்தது, பிளந்தது, கருகியது எல்லாம் போவது அந்தத் தகரத்துக்குத்தான். போட்ட பிறகுதான் பெட்டியில் மிச்சமிருந்த இருபத்துநான்கும் என்னைப் பார்த்தன. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கடிக்கும்போதே சின்னதாக ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லாமல் கரைந்தது. கரைந்த பிறகு பல்லில் பருப்பு கரகரவென்று நின்றது. நான் பருப்பை மாவாக அரைக்கிறவள். கொஞ்சம் கரகரப்பாக விட வேண்டும், இனிப்பு போன பிறகும் வாய்க்கு வேலை இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் ஒருவன்தான். என் தம்பி.

இருபத்திரண்டு வருடமாயிற்று அவன் வீட்டை விட்டுப் போய்.

அவன் இடது கைக்காரன். மேஜையில் எனக்கு எதிரே நின்றான், பதினாறு வயதிலிருந்து. காலையில் பட்டறைக்குள் கால் வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "கை கழுவியாச்சா?" என்பது. அவனுக்கு முப்பது வயதான பிறகும் கேட்டேன். கழுவாமல் இருந்ததே இல்லை அவன். ஆனாலும் கேட்பேன். அக்கா என்ற திமிர்தான், வேறென்ன.

தட்டு அடுப்பில் இருக்கும் நேரத்தில் அப்பா மக்ரூன் கதை சொல்வார். எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ துறவி மடத்தில் தொடங்கியதாம். இறைச்சி தின்னாத கன்னியாஸ்திரிகள் பாதாம் பருப்பையும் சர்க்கரையும் முட்டை வெள்ளையையும் சேர்த்துச் சுட்டார்களாம். ஒரு புரட்சி வந்து மடத்தை எல்லாம் மூடியபோது இரண்டு கன்னியர் ஒரு வைத்தியர் வீட்டில் ஒளிந்துகொண்டு, பிழைப்புக்கு மக்ரூன் சுட்டு விற்றார்கள் என்றும், அவர்கள் இருந்த தெருவுக்கே பிற்காலத்தில் அவர்கள் பெயரை வைத்துவிட்டார்கள் என்றும் சொல்வார். பிறகு கப்பலேறி எங்கெங்கோ போய், எந்த ஊரில் எந்தப் பருப்பு கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்டது. அந்த இரண்டு பேரில் யார் நுரை அடித்தது, யார் பிழிந்தது என்று தம்பி ஒவ்வொரு தடவையும் கேட்பான். அப்பா "ஒருத்தி அடிச்சா இன்னொருத்தி பிழிவா, ஒருத்தியால முடியிற வேலையா இது?" என்பார். நான் இப்போது ஒருத்தியாகத்தான் செய்கிறேன். முடிகிறது. சுகமாக இல்லை, அவ்வளவுதான்.

அப்பா இருந்தவரை வலஞ்சுழியும் இடஞ்சுழியும் ஒரே பெட்டிக்குள் போயின. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா போன பிறகு கடை என் பொறுப்பு. ஒரு பெரிய ஹோட்டல்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதென்ன பாதி ஒரு மாதிரி பாதி வேறு மாதிரி இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரி வராதா என்று கேட்டார். ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று முதல் பெட்டி கட்டும்போது தம்பி போட்டதை எல்லாம் பிரித்து எடுத்து உடைசல் தகரத்தில் போட்டேன். அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் கடையில் நான் இல்லாத நேரத்தில் யாரோ மலிவாக உடைசல் கேட்டிருக்கிறார்கள். தம்பி தகரத்தைத் திறந்திருக்கிறான். நான் திரும்பி வந்தபோது அவன் அதை மேஜைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் ஒடைஞ்சதா அக்கா?"

"ஒடையல" என்றேன். "பெட்டிக்கு ஆகாது."

அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவன் பாதியில் விட்டிருந்த தட்டைப் பிழிந்து முடித்தான், அடுப்பில் வைத்தான், எடுத்தான், கையைக் கழுவினான். மறுநாள் காலை அவன் படுக்கும் இடத்தில் ஆளும் இல்லை, துணிப்பெட்டியும் இல்லை. வீம்பு எனக்கு. போனவன் வரட்டும் என்று இருந்தேன். ஒரு வருடம் கழித்து எங்கே தேடுவது என்று தெரியவில்லை. ஐந்து வருடம் கழித்துத் தேட வெட்கமாக இருந்தது. பிறகு பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

மழை மூன்று நாள் பெய்தது. மூன்று நாளும் அந்தப் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். நாலாம் நாள் வெயில் அடித்தது. முட்டையைத் தொடாமல் கடையைப் பூட்டினேன். தூக்கோடு வந்த கேக்காரர் வாயைப் பிளந்தார். கோழி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலடிக்கு நடந்தேன்.

வெறுங்கையோடுதான் போனேன். நான் போட்ட மக்ரூனில் ஒரு பெட்டி எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். இருபத்தைந்தும் வலஞ்சுழி. அதை அவன் கையில் கொடுப்பதற்கு முகத்தில் ஒரு அறை கொடுத்துவிடலாம்.

ஐந்து மணி நேரமும் ஒரே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். மன்னிச்சுடு என்று சொல்லிப் பார்த்தேன், வானொலி நாடகம் மாதிரி இருந்தது. தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் போதும், அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அதுவும் பொய்தான். அவன் பேச வேண்டும். அவன் ஒரு வார்த்தையாவது பேசாவிட்டால் அந்த ஐந்து மணி நேரத்தைத் திரும்பிக் கடக்க என்னால் முடியாது.

கடை கைக்குட்டை அகலம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண், ஐம்பதை ஒட்டிய வயது, மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். உள்ளே ஒரு கதவு பாதி திறந்து கிடந்தது. அங்கிருந்து நுரை அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் என் வாக்கியம் முழுதும் மறந்துபோயிற்று. ஒரு பெட்டி வேண்டும் என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே திறந்தேன். இருபத்துநான்கு இடஞ்சுழி. நடுவில் ஒன்று வலஞ்சுழி. கேக்காரர் கொண்டுவந்த பெட்டியில் இருந்த அதே இடம்.

"நடுவுல ஒண்ணு மாறியிருக்கே" என்றேன்.

அவள் சிரித்தாள். வாங்குகிறவர்களில் நூற்றில் ஒருவர்தான் இதைப் பார்ப்பார்கள் என்றாள். கடை ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தானாம். அவளும் அவள் கணவரும்தான் பிழிகிறார்கள். அவர் இடது கைக்காரர், அவள் வலது. அவரைப் பார்த்து அவளும் இடஞ்சுழியாகப் பிழியப் பழகியிருக்கிறாள். அதில்தான் மணிக்கட்டு போயிற்று என்று துணிக்கட்டைக் காட்டினாள். ஆனால் பெட்டிக்கு ஒன்று மட்டும் மாற்றிப் போட வேண்டும் என்பது அவர் கட்டளையாம்.

"அந்த ஒண்ணுதாங்க என் கைக்கு ஓய்வு. மத்த இருபத்துநாலும் மல்லுக்கட்டு."

எதற்கு அந்த ஒன்று என்று கேட்டேன்.

"அவருக்கு ஒரு அக்கா இருந்தாங்களாம். அவங்க கை இப்படித்தான் சுத்துமாம். அது பெட்டிக்கு வெளியில இருக்கக் கூடாது, நடுவுல இருக்கணும்பார்."

அந்த அக்கா இப்போது எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். இருக்கிறார்களா இல்லையா என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவாராம். பிறகு, நான் இன்னும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சரக்கில் குறை சொல்ல வந்தவள் என்று நினைத்துவிட்டாள் போலும். கதவுப் பக்கம் திரும்பி, நடுவில் ஏன் ஒன்று மாறியிருக்கிறது என்று ஒரு அம்மா கேட்கிறார்கள் என்றாள்.

உள்ளே இயந்திரம் நின்றது.

"அது தப்பில்லைன்னு சொல்லு."

குரல் தடித்திருந்தது. வார்த்தையை இழுக்கும் விதம் மட்டும் மாறவில்லை. முப்பது வயதில் கேட்ட குரல் ஐம்பத்திரண்டில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஒன்றுதான். என் கடையில், என் உடைசல் தகரத்தில், நான் எடுத்துப் போட்ட அந்த நடு மக்ரூன். இத்தனை வருடமாக அவன் என்னைப் பெட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறான். அது என் கைக்கு வந்து சேர்ந்தபோது நான் அதைத் தப்பு என்று தூக்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு மாறத் தெரியாது. இவனைப் பார்க்க எந்த முகத்தோடு வந்தேன் என்று தோன்றியது.

திரும்பி நடந்தேன். வாசல்வரை போய்விட்டேன். பெட்டியை விட்டுட்டீங்களே என்று அவள் கூப்பிட்டாள். அதற்குள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கடைக்குள் வந்தார்கள்; ஏதோ ரயில் வந்து நின்றிருக்க வேண்டும். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

வாசற்படியில் நின்றவளைப் பிடித்து நிறுத்தியது பாசம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. இயந்திரம் நின்று ஒரு நிமிடம் ஆகியிருந்தது. நின்ற பிறகு பருப்புத் தூளைச் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் அந்தக் கலவை யாருக்காகவும் காத்திருக்காது. பத்து நிமிடத்துக்குள் பிழிந்து முடிக்காவிட்டால் நீர் விட்டுப் படுத்துவிடும். இயந்திரம் எழுப்பிய சத்தத்தை வைத்தே அது பெரிய பாத்திரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் தனியாக அவ்வளவையும் பத்து நிமிடத்தில் பிழிய முடியாது. பிழிய வேண்டிய இன்னொருத்தி கடையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பாத்திரம் நுரை வீணாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை.

கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

நடுவில் ஒரு மேஜை. இரண்டு பக்கமும் ஆள் நிற்கும் மேஜை. அவன் ஒரு பக்கம் நின்று கூம்பில் கலவையை அடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, கழுத்து கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கூம்பிலிருந்து ஒரு துளி மேஜையில் விழுந்தது, அவன் துடைக்கவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவன் பாத்திரத்தைப் பார்த்தான், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"கை கழுவியாச்சா?" என்றான்.

மூலையில் குழாய் இருந்தது. கழுவினேன். முழங்கைவரை கழுவினேன். தண்ணீர் ஓடும் சத்தத்தில் கொஞ்சம் அழுதுகொள்ள வசதியாக இருந்தது. திரும்பியபோது எதிர்ப்பக்கத்தில் ஒரு தட்டும் அடைத்த கூம்பும் தயாராக இருந்தன. போய் நின்றேன்.

பிழிந்தோம். அவன் ஒரு தட்டு, நான் ஒரு தட்டு. பேசவில்லை, அந்த வேலையில் பேச்சுக்கு இடமில்லை. வரிசை நேராக வருகிறதா என்று அவன் என் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தான். நானும் அவன் தட்டைப் பார்த்தேன். அவன் கை என் கையைவிட வேகமாகிவிட்டது. முன்பெல்லாம் நான்தான் முதலில் முடிப்பேன். அன்று அவன் முடித்துவிட்டு, என் பக்கத்துக் கடைசித் தட்டிலும் வந்து சேர்ந்துகொண்டான். பாத்திரத்தை வழித்து முடித்தபோது எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

இளஞ்சூட்டு அடுப்பில் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். அதற்குள் அவன் மனைவி கூட்டத்தைச் சமாளித்துவிட்டு உள்ளே வந்தாள். பெட்டி வாங்க வந்த அம்மா தன் இடத்தில், கையில் கூம்போடு நிற்பதைப் பார்த்து அவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பி "அக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்குச் சொன்னானா அவளுக்குச் சொன்னானா தெரியவில்லை. அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. என்னிடம் என்னென்ன சொன்னோம் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு அண்ணி என்று கூப்பிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று வெளியே போனாள். கடையில் ஆள் வந்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் எதையெதையோ பேசினோம். அப்பா செய்த மேஜை இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று கேட்டான். பெட்டி நிற்கிறது என்றேன். அவன் அதற்குச் சிரிக்கவில்லை. குழந்தைகள் இல்லை என்றான், இருவருமாகக் காலம் போகிறது என்றான். முதல் ஐந்து வருடம் வேறு வேறு வேலை பார்த்தானாம், கை எதிலும் நிலைக்கவில்லையாம். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டான். மஞ்சள் கரு கதையைச் சொன்னேன். கேக்காரர் இந்தக் கடைக்கு வந்துபோனதையும் சொன்னேன். அந்தப் பெட்டியிலிருந்து நடு மக்ரூனை எடுத்துத் தகரத்தில் போட்டதை மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்லத்தான் ஐந்து மணி நேரம் வந்திருக்கிறேன், சொல்லாமல் ரயில் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மாலை ரயிலுக்குப் போக வேண்டும், நாளைக்குக் கடை திறக்க வேண்டும் என்றேன். சரி என்றான். இரு என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தட்டுகள் வெளியே வந்தன. எல்லாம் நன்றாக எழும்பி, வெள்ளையாக, கூர் உடையாமல் நின்றன. ஆறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கடைசித் தட்டில் அவன் வரிசையும் என் வரிசையும் மாறி மாறி இருந்தன. ஒன்று இந்தப் பக்கம் சுற்றியது, ஒன்று அந்தப் பக்கம்.

அவன் ஒரு காலிப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தான். குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தகரத்தையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். மக்ரூன் சுடும் எல்லாப் பட்டறையிலும் அந்தத் தகரம் இருக்கும். மூடியைத் திறந்தான். உள்ளே பிளந்ததும் உடைந்ததுமாகக் கொஞ்சம் கிடந்தது.

"சொல்லு" என்றான். "இதுல எது அக்கா தகரத்துக்கு?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

தட்டைப் பார்த்தேன். என் வரிசையில் நடுவில் ஒன்று இருந்தது. இரண்டரைச் சுற்றும் பிசகாமல், மேலே கூர் ஊசி மாதிரி நின்றது. நான் வாழ்நாளில் பிழிந்ததில் அதைவிட நல்லதாக ஒன்று இருந்திருக்காது. அதை எடுத்துத் தகரத்தில் போட்டேன்.

"இதுதான்டா" என்றேன். "அன்னைக்கே இதைத்தான் போட்டிருக்கணும்."

அவன் தகரத்துக்குள் பார்த்தான். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். பிறகு கையை உள்ளே விட்டு, உடைசலுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து, ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டுக் காலிப் பெட்டிக்கு நடுவில் வைத்தான்.

"மிச்சத்தை அடுக்கு" என்றான். "ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு."